பெரியவர்களிடம் செயலியைக் கொடுத்துப் பார்க்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் எங்களிடம் புதிதாகச் சேர்ந்த இரண்டு பேர், ஓர் அரசுச் சேவைக்கான செயலியை முதியவர்களிடம் கொடுத்துப் பார்க்க ஒரு சமுதாயக் கூடத்தில் ஏற்பாடு செய்திருந்தார்கள். மேசையில் வரிசையாக 6 புதுப் போன்கள். எல்லாவற்றிலும் முழு சார்ஜ், வைஃபை, செயலியும் திறந்தே இருந்தது. பல வருடத்துக்கு முன்னால் நானும் இப்படித்தான் செய்தேன். பார்த்ததும் வயிற்றைப் பிசைந்தது. எழுத்தைப் பெரிதாக்குங்கள், தமிழில் கொடுங்கள் என்பதை எல்லாரும் சொல்லிவிடுவார்கள். அதை விட்டுவிடுகிறேன்.

நம் போனைக் கொடுத்துச் சோதிப்பது

இன்றுவரை எனக்கு ஆறாத தவறு இது. நான் செய்த அந்தப் பழைய சோதனைக்கு 14 பேரை அழைத்திருந்தோம். எங்கள் போன், எங்கள் நம்பர். ஓடிபி அதே போனில் வந்து விழுந்தது. 12 பேர் முடித்துவிட்டார்கள். சேவை தயார் என்று அறிக்கை கொடுத்தோம்.

வெளியான இரண்டாவது வாரம் அதே ஊருக்குப் போனேன். அன்று எல்லாரையும் முந்தி முடித்த அம்மா, இ-சேவை மையத்து வாசலில் காத்திருந்தார். "வீட்டிலேயே செய்திருக்கலாமேம்மா" என்றேன்.

"அந்த நம்பர் பெரியவனுக்கில்ல தம்பி போகுது! அவன் திருப்பூர்ல நைட் ஷிப்ட். போனை வெளியில வச்சிட்டுத்தான் உள்ள போகணும். அவன் பார்த்துச் சொல்றதுக்குள்ள டைம் முடிஞ்சுடுது."

ஆதார் எடுத்த காலத்தில் அந்த வீட்டில் இருந்தது ஒரே போன், அதுவும் மகனுடையது. அந்த நம்பரையே கொடுத்திருக்கிறார்கள். ஆதாரை வைத்து உள்ளே போகிற சேவை எதுவானாலும் ஓடிபி அந்த நம்பருக்குத்தான் போகும். "ஓடிபி யார் போனுக்கு வரும்?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். கேட்கவில்லை. அதைவிட வருத்தம், அவர்களே சொல்லியிருக்கிறார்கள். சோதனையின்போது ஒரு பெரியவர், "எல்லாருக்கும் இப்படிக் கையிலேயே வந்துடுமா?" என்று கேட்டார். குறிப்பேட்டில் 'சிக்னல் சந்தேகம்' என்று எழுதி வைத்தோம்.

உள்ளே நுழையும் முறையை மாற்றி, பாதுகாப்புச் சோதனையை மறுபடி முடிக்க 4 மாதம் ஆனது. அந்த 4 மாதமும் பஸ்ஸுக்குக் காசு கொடுத்து மையத்துக்கு வந்தவர்கள் அவர்கள்தான்.

அதனால் அவர்களுடைய போனிலேயே பாருங்கள். கண்ணாடி உடைந்திருக்கும், பேரன் ஏற்றிய வீடியோக்களால் இடம் நிரம்பியிருக்கும். ஓய்வூதியர்களுக்கான ஜீவன் பிரமான் உயிர்வாழ் சான்றை முகம் காட்டி எடுக்க இரண்டு செயலிகள் வேண்டும். இடமில்லாத போனில் இரண்டாவது ஏறாது. புதுப் போனில் சோதித்தால் இது கண்ணில் படவே படாது. முடிந்தால் அவர்கள் வீட்டுக்கே போங்கள்.

"நல்லாயிருக்கா?" என்று கேட்பது

"நல்லாயிருக்குப்பா" என்றுதான் சொல்வார்கள். கேட்காதீர்கள், கையைப் பாருங்கள்.

ஓய்வூதியர் சங்கத்தில் மட்டும் ஆள் கேட்பது

ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் வங்கி ஊழியர்களும் நேரத்துக்கு வருவார்கள், தெளிவாகப் பேசுவார்கள். அவர்களும் தேவைதான். ஆனால் முதியோர் உதவித்தொகையை நம்பித் தனியாக இருக்கும் பாட்டி அந்தக் கூட்டத்தில் இருக்க மாட்டார். அவரை ரேஷன் கடையிலும் நூறு நாள் வேலை நடக்கும் இடத்திலும் பார்க்கலாம். 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு வீடாக பிபி, சுகர் மாத்திரை கொடுக்கப் போகிறவர்களைக் கேளுங்கள். எந்த வீட்டில் யார் தனியாக இருக்கிறார்கள் என்று அவர்களுக்குத் தெரியும்.

தபால்காரரை மறந்துவிடுவது

ஜீவன் பிரமான் 2014 நவம்பரில் வந்தது. முகம் காட்டும் வழி 2021 நவம்பரில்தான் சேர்ந்தது. அதற்கு முன்னால் பெரும்பாலும் விரல் ரேகைதான். நாற்று நட்டும் கயிறு திரித்தும் பாத்திரம் தேய்த்தும் ரேகை அழிந்த விரலைத் துடைத்துத் துடைத்து மறுபடி வைக்கச் சொன்னவர்களில் இந்தச் சான்று எடுக்க வீடு தேடிப் போன தபால்காரர்களும் உண்டு. எந்தப் படியில் முதியவர்கள் நின்றுபோகிறார்கள் என்று அவர்களிடமும் இ-சேவை மையத்தில் விண்ணப்பத்தைத் தட்டிக் கொடுக்கும் பெண்ணிடமும் கேளுங்கள். உங்கள் செயலியைப் பாதி நாள் இயக்கப்போவது அவர்கள்தான்.

நவம்பரில் கூட்டம் வைப்பது

ஓய்வூதியர்கள் பலர் ஆண்டுதோறும் கொடுக்க வேண்டிய உயிர்வாழ் சான்றுக்கு அலையும் மாதம் அது. வேண்டாம்.

பிறந்த தேதிக் கட்டத்தை அப்படியே விடுவது

நாள்காட்டி இந்த மாதத்தில் திறக்கும். ஒவ்வொரு மாதமாகப் பின்னால் தள்ளி 1948-க்குப் போக 900 தடவைக்கு மேல் தட்ட வேண்டும். சரி, எண்ணாக எழுதவிட்டால் அது தீரும். அப்புறம் இன்னொன்று. ஆதார் அட்டையில் பிறந்த ஆண்டு மட்டுமே இருப்பவர்கள் நிறையப் பேர். நாளையும் மாதத்தையும் கட்டாயமாக்கினால் அவர்கள் அங்கேயே நின்றுவிடுவார்கள். போன மாதச் சோதனையில் ஒரு தாத்தா அந்தக் கட்டத்தில் விரலை வைத்தபடி, "ஆடி அமாவாசைக்கு மறுநாள்னு எங்க ஆத்தா சொல்லும்" என்றார். ஆண்டு மட்டும் போட்டாலே அடுத்த பக்கம் திறக்கும்படி அந்த வாரமே மாற்றினோம்.