கூத்துக்கும் சடங்குக்கும் அரச நிதியுதவி கேட்டு விண்ணப்பிக்கும் முறை

இலங்கையின் கிழக்கில் வாகரையானாலும் வெல்லாவெளியானாலும் திருக்கோவிலானாலும், முதலிற் காண வேண்டியவர் உங்கள் பிரதேச செயலகத்தின் கலாசார உத்தியோகத்தரே. மத்திய அரசின் கலாசார அலுவல்கள் திணைக்களத்திலிருந்தும் கிழக்கு மாகாணப் பண்பாட்டலுவல்கள் திணைக்களத்திலிருந்தும் வரும் சுற்றறிக்கைகள் அவரிடமே வந்து சேர்வதால், பத்திரிகை விளம்பரத்துக்காகக் காத்திருப்பதைவிட அவரை நேரிற் போய்க் கேட்பது மேல். விண்ணப்பத்தைத் தமிழிலேயே எழுதலாம். 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாம் திருத்தத்துக்குப் பின் தமிழும் அரச கரும மொழியாகும்.

அடுத்தது உங்கள் கலைக் கழகத்தின் பதிவு. யாப்பு (கழகத்தின் விதிமுறைகள்), நிருவாகக் குழுவின் பெயர்ப்பட்டியல், கூட்டக் குறிப்புப் புத்தகம், கழகத்தின் பெயரிலான வங்கிக் கணக்கு ஆகியவை ஒரே பெயரைச் சொல்ல வேண்டும். எங்கள் கழகத்தின் பதிவுச் சான்றில் 'கழகம்' என்றும் வங்கிப் புத்தகத்தில் 'மன்றம்' என்றும் இருந்ததனால், ஒப்புதல் கிடைத்த பின்னரும் காசோலையை மாற்ற முடியாமல் ஒரு வருடத்தை இழந்தோம். கூத்தைப் பழக்கும் ஆசிரியரான அண்ணாவியார் எத்தனை வருடமாக ஆடுகிறார், பழக்குகிறார் என்பதற்கு விதானையாரின் (கிராம உத்தியோகத்தரின்) உறுதிப்படுத்தலையும் பழைய அரங்கேற்ற அழைப்பிதழ்களையும் இணைத்தால் போதும்.

விண்ணப்பத்தின் உயிர் செயற்றிட்ட விபரத்திலேயே இருக்கிறது. 'அழிந்துவரும் கலையைப் பாதுகாத்தல்' என்று எழுதி நிறுத்தினால், படிப்பவருக்கு எதற்குப் பணம் என்பது விளங்காது. கூத்து மரபுகளுள் ஒன்றான வடமோடியிற் கூத்தொன்றைப் பழக்குவதாயின், சட்டம் கொடுத்தல் (ஆட்டக்காரருக்கு அவரவர் பாட்டுப் பகுதியைக் கொடுத்தல்), சதங்கை அணிதல், கிழமைக்கூத்து (வாரந்தோறும் ஆடிப் பழகுதல்), அடுக்குப் பார்த்தல் (முழுக் கூத்தையும் ஆடிப் பார்க்கும் ஒத்திகை), அரங்கேற்றம் என்ற படிகளையே திட்டத்தின் கட்டங்களாக வைத்து, ஒவ்வொன்றுக்கும் எத்தனை இரவு, எத்தனை ஆட்டக்காரர், அவர்களுள் முதன்முறை ஆடும் பிள்ளைகள் எத்தனை பேர் என்று எழுதுங்கள். செலவையும் அவ்வாறே பிரிக்க வேண்டும்: மத்தளத்துக்குத் தோல் மாற்றுதல், சல்லரிச் (கைத்தாளச்) சோடி, அரச பாத்திரங்களுக்குக் கரப்புடுப்பு (வட்டமாக விரிந்து நிற்கும் உடுப்பு), கூத்தாடும் களரிக்கு விளக்கு, அண்ணாவியாருக்கும் மத்தளக்காரருக்கும் கொடுப்பனவு. 'உடை அலங்காரம்' என்று ஒரே வரியிற் போடும் தொகையே முதலில் வெட்டுப்படும். 'கரப்புடுப்பு நான்கு, ஒன்றுக்கு இவ்வளவு' என்று தைப்பவரின் விலை மதிப்பீட்டோடு வைத்தால் அதை வெட்டுவது எளிதன்று. கொடுப்பனவு பெறுவோரிடம் அடையாள அட்டை இலக்கத்தோடு பற்றுச்சீட்டில் ஒப்பம் வாங்கிவிட வேண்டும், ஏனெனில் எங்கள் அண்ணாவிமார் பில் எழுதுகிறவர்கள் அல்லர்.

இன்னொரு சிக்கல் காலம். அரசின் நிதியாண்டு சனவரியிலிருந்து டிசம்பர் வரை. நமது கூத்தோ பெரும்போக (மாரிகால நெல்) அறுவடை முடிந்து கை ஓய்ந்த பின் பழகத் தொடங்கி, பல ஊர்களில் வைகாசிச் சடங்கோடு கலந்து நிற்பது. வருட நடுவில் வரும் பணம் அவ்வருடக் கூத்துக்கு உதவாது என்பதால், அடுத்த பருவத்துக்குரிய உடுப்பையும் கருவிகளையும் முன்வைத்து விண்ணப்பிப்பதே புத்தி.

வாகரைப் பகுதியில் வாழும் வேடர் சமூகத்தின் சடங்குகளை ஆவணப்படுத்த விரும்புவோருக்கு மேலும் ஒரு கடமை உண்டு. சடங்கை நடத்துபவரின் எழுத்துச் சம்மதமும், எதைப் பதிவுசெய்யலாம், எதைப் பதிவுசெய்யக் கூடாது என்று ஊர்ப் பெரியவர்கள் சொன்ன முடிவும் விண்ணப்பத்தோடு இருக்க வேண்டும். வெளியாள் எழுதும் விண்ணப்பத்தில் அம்மக்கள் வெறும் 'தகவலாளர்' ஆகிவிடுவதை நான் ஏற்பதில்லை; அவர்களுள் ஒருவரே இணைப்பாளராக ஒப்பமிடட்டும். இலங்கை 2008இல் இணைந்த யுனெஸ்கோவின் அருவ மரபுரிமைச் சமவாயமும் (கலை, சடங்கு போன்ற மரபுகளைப் பேணுவதற்கான உடன்படிக்கை) சமூகத்தின் பங்கேற்பையே வலியுறுத்துவதால், அதைக் குறிப்பிடுவது விண்ணப்பத்துக்கு வலுச் சேர்க்கும்.

கூத்தேட்டைப் பதிப்பிக்க நினைப்பவர்கள் தேசிய நூலக ஆவணவாக்கல் சேவைகள் சபையின் நூல் வெளியீட்டு உதவியையும் விசாரிக்கலாம். எங்கு அனுப்பினாலும், முழு விண்ணப்பத்தின் பிரதியொன்றில் பெற்றுக்கொண்டதற்கான திகதி முத்திரையை வாங்கிக் கழகக் கோவையில் வைத்த பின்பே கந்தோரை விட்டு வெளியே வாருங்கள்.