98-ஐத் தலைகீழாகப் படித்தால் 86

போன ஜூலையில் ஒரு ராத்திரி, பத்து மணி இருக்கும். தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த்தில் இருக்கும் பெரியம்மா போன் செய்தார். "தம்பி, பெரியப்பாவுக்கு ஆக்ஸிஜன் 86-ன்னு காட்டுது. ஆம்புலன்ஸைக் கூப்பிடட்டுமா?" பின்னால் பெரியப்பா, "எனக்கு ஒண்ணும் இல்லைன்னா கேக்குறாளா பாரு" என்று டிவி சத்தத்துக்கு மேலே கத்திக்கொண்டிருந்தார்.

வீடியோவில் காட்டச் சொன்னேன். பெரியப்பா நாற்காலியில் சாய்ந்திருக்கிறார். பெரியம்மா எதிரே நின்றுகொண்டு அவர் விரலில் மாட்டிய ஆக்ஸிமீட்டரை, அதாவது ரத்தத்தில் ஆக்ஸிஜன் அளவைக் காட்டும் கருவியைப் படிக்கிறார். "நீங்க அவர் பக்கத்துல போய் நின்னு பாருங்க" என்றேன். போய்ப் பார்த்தார். 98.

கால்குலேட்டரில் இருப்பது போன்ற கட்டை எழுத்து எண்களில் 98-ஐத் தலைகீழாகத் திருப்பினால் அச்சு அசலாக 86. இதில் வீண் பயம்தான், ஒரு ஆம்புலன்ஸ் செலவோடு போய்விடும். என்னை உறங்கவிடாதது இதன் மறுபக்கம்: உண்மையில் 86 இருப்பவருக்கு எதிரே நின்று படித்தால் 98 என்று தெரியும், "நல்லாத்தான் இருக்கு, தூங்குங்க" என்று சொல்லிவிடுவோம். 96 எப்படித் திருப்பினாலும் 96 என்பதால் சந்தேகமே வராது. ஆகவே முதலில் எண்ணைப் பார்க்காதீர்கள், எழுத்தைப் பாருங்கள். எஸ்பிஓ2 என்ற எழுத்து நேராகத் தெரிகிறதா? அதன் கீழோ பக்கத்திலோ இருப்பதுதான் ஆக்ஸிஜன். பிஆர் என்று போட்டிருப்பது நாடித்துடிப்பு. இந்த இரண்டையும் மாற்றிப் படித்துவிட்டு "ஆக்ஸிஜன் 72" என்று அலறியவர்களும் நம் சொந்தத்தில் உண்டு.

கொரோனா காலத்தில் வாங்கிய கருவி இன்னும் பாதி வீடுகளில் டிவிக்குப் பக்கத்து இழுப்பறையில் கிடக்கிறது. இருமல் வந்தால் எடுக்கிறோம், மாட்டுகிறோம், வந்த எண்ணை வைத்துப் பயப்படுகிறோம் அல்லது நிம்மதியாகிறோம். பெரும்பாலும் இரண்டுமே தப்பான நேரத்தில். நான் டாக்டர் இல்லை. மூச்சுக் கோளாறு உள்ள அம்மாவை ஆறு வருஷமாகப் பார்த்துக்கொள்பவன். இதில் எழுதுகிற தவறுகளில் பாதி நானே செய்தவை.

டர்பன் எண்ணும் ஜோபர்க் எண்ணும்

அம்மாவை முதல்முறை ஜோபர்க்கில், அதாவது ஜோகன்னஸ்பர்க்கில், லெனேசியாவில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்தபோது, டர்பனில் 97 காட்டிய கருவி மறுநாள் காலை 93 காட்டியது. கழற்றி மாட்டினோம். 94. பேட்டரி மாற்றினோம். 93. காரை எடுத்துக்கொண்டு ஒரு மருத்துவமனைக்கு ஓடினோம். அங்கே இருந்த இளம் டாக்டர் அம்மாவின் நெஞ்சைச் சோதித்துவிட்டு, "எந்த ஊரிலிருந்து வந்தீர்கள்?" என்று கேட்டார். டர்பன் என்றதும், "அப்படியென்றால் நேற்று ஒரு மலை ஏறியிருக்கிறீர்கள்" என்றார்.

உண்மைதான். டர்பன் கடற்கரை ஊர். ஜோகன்னஸ்பர்க் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,750 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கண்ணுக்கு மலையாகத் தெரியாததால் நாம் அதை மலையாக நினைப்பதில்லை. காற்றில் ஆக்ஸிஜனின் பங்கு இரண்டு ஊரிலும் ஏறக்குறைய 21 சதவீதம்தான். ஆனால் இங்கே காற்றழுத்தமே கடற்கரையில் இருப்பதில் ஐந்தில் நான்கு பங்குக்குச் சற்றுத்தான் அதிகம். நுரையீரலுக்குள் ஆக்ஸிஜனைத் தள்ளும் விசை அந்த அளவுக்குக் குறைகிறது. நல்ல ஆரோக்கியமானவருக்கே இங்கே இரண்டொரு புள்ளி இறங்கலாம். வயதானவர்களுக்கும் நுரையீரல் நோய் உள்ளவர்களுக்கும் இன்னும் கொஞ்சம் கூடவே இறங்கும்.

இந்த எண் என்ன சொல்கிறது என்பதைத் தெரிந்துகொண்டால் குழப்பம் குறையும். ரத்தத்தில் ஆக்ஸிஜனைச் சுமப்பது ஹீமோகுளோபின். ஒவ்வொன்றிலும் நான்கு இருக்கை, ஒரு குட்டி டாக்ஸி மாதிரி. ஓடுகிற எல்லா டாக்ஸிகளிலும் சேர்த்து நூற்றுக்கு எத்தனை இருக்கை நிரம்பியிருக்கிறது என்பதுதான் எஸ்பிஓ2. இந்த நிரம்பல் ஒரே சீராக இறங்குவதில்லை. என்3 சாலையில் ஜோபர்க்கிலிருந்து டர்பனுக்கு ஓட்டியவர்களுக்குச் சொன்னால் புரியும். ஹாரிஸ்மித் வரை பெரிய ஏற்ற இறக்கம் தெரியாது, பேசிக்கொண்டே ஓட்டலாம். வான் ரீனன் கணவாய் வந்ததும் சரசரவென்று இறக்கம். 99-க்கும் 95-க்கும் நடுவில் இருப்பது ஹாரிஸ்மித்துக்கு முந்தைய சாலை. 90-ஐ நெருங்கினால் கணவாய் வந்துவிட்டது என்று அர்த்தம். அதற்குப் பிறகு ஆக்ஸிஜன் கொஞ்சம் குறைந்தாலும் எண் மளமளவென்று சரியும். காலையில் 99, மாலையில் 97 என்று கவலைப்படுவது வீண். 93 நேற்று, 90 இன்று என்றால் அதை மூன்றே புள்ளி என்று விடக்கூடாது.

இதிலிருந்து எதிர்ப்பக்கத் தவறு ஒன்றும் பிறக்கிறது. "ஜோபர்க்தானே, இங்க எல்லாருக்கும் குறைவாத்தான் காட்டும்" என்று 89-ஐயும் உயரத்தின் மேல் பழிபோட்டு உட்கார்ந்திருப்பது. கொரோனா சமயத்தில் பிரிட்டனில் வீட்டிலிருந்த நோயாளிகளுக்குச் சொன்ன அளவு இது: 95-ம் அதற்கு மேலும் சரி, 93, 94 என்றால் டாக்டரிடம் பேசு, 92-ம் அதற்குக் கீழும் என்றால் உடனே மருத்துவமனை. அது கடல் மட்டத்து ஊர்களுக்குச் சொன்ன கணக்கு என்றாலும், இங்கே 92-ஐப் பார்த்துவிட்டு நானாக ஒரு தள்ளுபடி கொடுத்துக்கொள்ள மாட்டேன். உங்களுக்கு எது இயல்பு, எதற்குக் கீழே போனால் கூப்பிட வேண்டும் என்பதை உங்கள் டாக்டரிடமே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

அதற்கு முதலில் உங்கள் சொந்த எண் தெரிந்திருக்க வேண்டும். நம்மில் பெரும்பாலோர் செய்யும் பெரிய தவறாக எனக்குப் படுவது, உடம்பு சரியில்லாத அன்று மட்டும் கருவியை எடுப்பது. ஒப்பிட்டுப் பார்க்க எதுவுமே இருக்காது. நன்றாக இருக்கும்போது ஒரு வாரம், ஒரே நேரத்தில், ஒரே விரலில் பார்த்துக் காலண்டரில் எழுதி வையுங்கள். ஊர் மாறினால் அங்கேயும் இரண்டு நாள். எங்கள் சமையலறைக் காலண்டரில் அம்மாவுக்கு "ட 97, ஜோ 94" என்று இருக்கிறது. அந்த ஒரு வரி எங்களை எத்தனையோ ராத்திரி நிம்மதியாகத் தூங்க வைத்திருக்கிறது.

விரல், நகம், தோல்

இங்கே குளிர்காலமான ஜூன் மாதக் காலையில், புல் மேல் உறைபனி கிடக்கும்போது, பால் வாங்கிக்கொண்டு வந்த கையோடு மாட்டிப் பார்த்தால் கருவி எதை வேண்டுமானாலும் காட்டும். சில நேரம் ஒன்றுமே காட்டாது. கருவி சிவப்பு ஒளி, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி இரண்டையும் விரல் வழியே அனுப்பி, ஒவ்வொரு துடிப்புக்கும் எது எவ்வளவு உறிஞ்சப்படுகிறது என்று பார்க்கிறது. இந்தத் துடிப்பைப் பிடிக்கும் யுக்தியை 1974-இல் ஜப்பானில் கொண்டுவந்தவர் தகுவோ ஆவோயாகி. உலகமே அவர் கருவியைத் தேடி மருந்துக்கடைகளில் அலைந்த 2020 ஏப்ரலில்தான் காலமானார். சரி, விஷயத்துக்கு வருவோம். குளிரில் விரல் நுனி ரத்தக்குழாய்கள் சுருங்கிவிடும். துடிப்பு இல்லாவிட்டால் கணக்கும் இல்லை.

கையைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டு, ஐந்து நிமிஷம் பேசாமல் உட்காருங்கள். ஆள்காட்டி விரல் அல்லது நடுவிரலை, நகம் மேலே இருக்கும்படி, முட்டும்வரை உள்ளே விடுங்கள். கையை நெஞ்சின் மேல் வைத்து அசைக்காமல் இருங்கள். முதலில் குதிக்கிற எண்களை நம்ப வேண்டாம். ஒரு நிமிஷமாவது விட்டு, ஐந்து விநாடி மாறாமல் நின்ற எண்ணை எழுதுங்கள். மாட்டியதும் 91 என்று பார்த்துக் கழற்றி, வேறு விரலில் 95 என்று பார்த்து, "மெஷின் சரியில்லை" என்று முடிவு கட்டுவது எங்கள் வீட்டிலும் நடந்ததுதான். மெஷின் சரியாகத்தான் இருந்தது. அவசரம் எங்களுடையது.

பிபி பட்டை கட்டிய கையிலேயே மாட்டாதீர்கள், பட்டை இறுகும்போது விரலுக்கு ரத்தம் போகாது. வெயில் நேராக விழும் ஜன்னலோரம் வேண்டாம். குழந்தையின் பிஞ்சு விரலுக்குப் பெரியவர் கருவி பொருந்தாது. போன் கேமராவில் விரலை வைத்தால் ஆக்ஸிஜன் சொல்லும் ஆப்களைப் பற்றி ஒரே வார்த்தை: அழித்துவிடுங்கள்.

நகப்பூச்சில் கருப்பு, நீலம், பச்சை போன்ற அடர்ந்த நிறங்களும் ஒட்டு நகங்களும் எண்ணைக் கெடுக்கலாம். ஒரு விரலில் மட்டும் பூச்சை அழித்தால் போதும். கல்யாண வீட்டு மருதாணி சிவப்பாக இருந்தால் பெரிய பாதிப்பு இல்லை. கருப்பு மருதாணி தடிமனாக ஏறியிருந்தால் சில சமயம் கருவி படிக்கவே படிக்காது.

தோலின் நிறத்தைப் பற்றி மருந்துக்கடையில் யாரும் சொல்வதில்லை. அதனால் நான் சொல்கிறேன். கருத்த தோலில் இந்தக் கருவி உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டக்கூடும். 2020 டிசம்பரில் அமெரிக்காவில் மிச்சிகன் ஆய்வாளர்கள் வெளியிட்ட கணக்கில், கருவி 92 முதல் 96 வரை காட்டியபோதும் ரத்தப் பரிசோதனையில் உண்மை அளவு 88-க்குக் கீழே இருந்தவர்கள், வெள்ளையரில் 3.6 சதவீதம், கருப்பினத்தவரில் 11.7 சதவீதம். மூன்று மடங்கு. இத்தனைக்கும் அவை மருத்துவமனைக் கருவிகள். அடுத்த ஆண்டு அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகமும் எச்சரித்தது. அவர்கள் கணக்குப்படி அங்கீகரித்த கருவி 90 காட்டினாலே உண்மை 86-க்கும் 94-க்கும் இடையில் எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம். நிறத்தை வைத்து மனிதரைத் தரம் பிரித்த நாட்டில் பிறந்த எனக்கு, ஒரு விளக்குகூட நம் தோலைச் சரியாகப் படிக்கக் கற்கவில்லை என்று படித்தபோது சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. நம் போன்ற நிறம் உள்ளவர்கள் ஒற்றை எண்ணை நம்புவதைவிட, அது தினமும் எந்தப் பக்கம் போகிறது என்று பார்ப்பது நல்லது.

98 காட்டும், ஆனால் ஆள் மயங்கிக் கிடப்பார்

குளிர்காலத்தில் ஜோபர்க்கில் ஆண்டுதோறும் காதில் விழும் சாவுச்செய்தி இம்பவூலா. தகர டின்னில் கரி போட்டு மூட்டும் கணப்பு. அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்திவிட்டுத் தூங்கியவர்கள் எழுந்திருப்பதில்லை. பிராய் எனும் கறி சுடும் அடுப்பில் மிஞ்சிய கங்குகளை வீட்டுக்குள் கொண்டுவருவதும், லோட் ஷெட்டிங் என்ற மின்வெட்டு நேரத்தில் ஜெனரேட்டரைப் பூட்டிய கராஜில் ஓட்டுவதும் அதே ஆபத்துதான். இவை எல்லாம் வெளிவிடும் கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு நிறமில்லை, வாசனை இல்லை. அது ஹீமோகுளோபினில் ஆக்ஸிஜனின் இருக்கையைப் பிடித்துக்கொள்ளும். நம் ஆக்ஸிமீட்டருக்கு அந்த இரண்டு பயணிகளுக்கும் வித்தியாசம் தெரியாது. டாக்ஸி நிரம்பியிருக்கிறது என்று 98 காட்டும். தலைவலி, வாந்தி, தள்ளாட்டம், அதுவும் ஒரே வீட்டில் பலருக்கும் ஒரே நேரத்தில் என்றால், கருவியைத் தேடாதீர்கள். எல்லாரையும் வெளியே கொண்டுவந்துவிட்டு உதவிக்குக் கூப்பிடுங்கள்.

ரத்தசோகை உள்ளவருக்கும் எண் அழகாக இருக்கும். டாக்ஸிகள் நிரம்பித்தான் ஓடும், ஆனால் டாக்ஸிகளே குறைவு. ஆஸ்துமா இழுப்பில் எண் கடைசி வரை தாக்குப்பிடித்துவிட்டுச் சட்டென்று விழலாம். ஒரு வாக்கியத்தை மூச்சு வாங்காமல் முடிக்க முடியவில்லை, உதடு நீலம் பாய்கிறது, நெஞ்சு வலிக்கிறது, புதிதாகக் குழப்பமாகப் பேசுகிறார் என்றால் 97 என்ற எண்ணுக்கு மதிப்பில்லை. இங்கே ஆம்புலன்ஸுக்கு 10177, அல்லது செல்போனிலிருந்து 112.

எண்ணை மட்டும் அழகாக்கப் பார்ப்பதும் ஒரு தவறு. தெரிந்த ஒரு வீட்டில் அப்பாவுக்குப் புகைபிடித்து வந்த நீண்டகால நுரையீரல் அடைப்பு. காற்றிலிருந்து ஆக்ஸிஜனைப் பிரித்துத் தரும் ஆக்ஸிஜன் கான்சன்ட்ரேட்டர் வைத்திருந்தார்கள். 91 காட்டுகிறதே என்று மகன் பாசத்தில் அளவைத் திருகித் திருகி 99-க்குக் கொண்டுவந்தான். அப்பா மந்தமாகி, தூங்கித் தூங்கி விழுந்தார். இத்தகைய நோயாளிகளில் பலருக்கு டாக்டர்கள் குறி வைப்பதே 88 முதல் 92 வரைதான். ஆக்ஸிஜன் அதிகமானால் அவர்கள் உடம்பில் கரியமில வாயு தேங்கும், அதை விரல் கருவி காட்டாது. குமிழைத் திருகும் அதிகாரம் டாக்டருடையது. அப்புறம், ஆக்ஸிஜன் ஓடும் அறையில் வெள்ளிக்கிழமை என்றாலும் விளக்கும் கற்பூரமும் வேண்டாம். சாமி அறையிலேயே கும்பிட்டுக்கொள்ளலாம்.

பெரியப்பாவின் கருவியில் இப்போது ஒரு சிவப்பு ஸ்டிக்கர் பொட்டு இருக்கிறது. எந்தப் பக்கம் மேலே என்று தெரிவதற்காகப் பெரியம்மா தன் பொட்டு அட்டையிலிருந்து எடுத்து ஒட்டினார். இப்போது போன் செய்தால் முதலில், "பொட்டு மேலதான் இருக்கு தம்பி" என்கிறார், பிறகுதான் எண்ணைச் சொல்கிறார்.