டெல்டா வீட்டுக்கு ஒரு கேமிங் கணினி: இயங்குதளத்தில் தொடங்கி பாகங்களைத் தேர்ந்தெடுக்கும் முறை

கேமிங் கணினியைச் சொந்தமாகப் பொருத்த விரும்புகிறவர்களில் பெரும்பாலோர் எந்த கிராபிக்ஸ் கார்டு வாங்கலாம் என்ற கேள்வியோடுதான் கடைக்குப் போகிறார்கள். இயங்குதளம் விண்டோஸா லினக்ஸா என்பதை எல்லாம் பொருத்தி முடித்தபின் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறார்கள். புதிதாகத் தொடங்குகிறவர்கள் இந்த வரிசையைத் தலைகீழாக்கிக்கொள்வது நல்லது. நீங்கள் விளையாடப்போகும் விளையாட்டு இயங்குதளத்தை முடிவு செய்கிறது; இயங்குதளம் கிராபிக்ஸ் கார்டையும், பாகங்கள் எல்லாம் அமரும் மதர்போர்டையும் ஓரளவு முடிவு செய்கிறது; எஸ்எம்பிஎஸ் (பாகங்களுக்கு மின்சாரம் பிரித்துத் தரும் பெட்டி), யுபிஎஸ், கேபினெட் ஆகியவற்றைத் தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறைப் பக்கத்து மின்சாரமும் மே மாத வெயிலும் முடிவு செய்கின்றன.

படி 1: விளையாட்டும் இயங்குதளமும்

நீங்கள் அடுத்த ஓராண்டில் உண்மையாகவே விளையாடப்போகும் விளையாட்டுகளை ஒரு தாளில் எழுதுங்கள். அந்தப் பட்டியலில் வாலரண்ட், ஃபோர்ட்நைட், ஜிடிஏ ஆன்லைன் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் விண்டோஸ் 11-ஐத் தவிர வேறு வழியில்லை. வாலரண்டோடு வரும் வேன்கார்டு என்னும் ஏமாற்றுத் தடுப்பு மென்பொருள் விண்டோஸின் மையக் கருவான கெர்னலின் மட்டத்திலேயே இயங்குவதால் லினக்ஸில் அது வேலை செய்யாது. ஜிடிஏ ஆன்லைனும் 2024 செப்டம்பரில் புதிய தடுப்பு மென்பொருள் சேர்க்கப்பட்டது முதல் லினக்ஸ் பயனர்களுக்குக் கதவைச் சாத்திவிட்டது. மாறாக, உங்கள் பட்டியலில் கவுண்டர் ஸ்ட்ரைக் 2, டோட்டா 2 ஆகியவையும் தனியாக விளையாடும் கதை விளையாட்டுகளும் மட்டுமே இருந்தால் லினக்ஸ் இன்று முழுமையான தேர்வு. வால்வ் நிறுவனம் 2018-இல் வெளியிட்ட புரோட்டான் என்னும் மென்பொருள் அடுக்கு, விண்டோஸுக்காக எழுதப்பட்ட விளையாட்டுகளை அந்நிறுவனத்தின் விளையாட்டுக் கடையான ஸ்டீம் வழியாக லினக்ஸில் ஓட்டுகிறது. குறிப்பிட்ட ஒரு விளையாட்டு ஓடுமா என்பதைப் புரோட்டான்டிபி தளத்தில் பெயரைத் தட்டிப் பார்த்துவிடலாம்.

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டதால், "பத்தே போதும், வேகமாக இருக்கும்" என்று யாராவது போட்டுத் தர முன்வந்தால் மறுத்துவிடுங்கள். விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 (பாதுகாப்புச் சில்லு), செக்யூர் பூட் (நம்பகமான மென்பொருளை மட்டுமே தொடங்கவிடும் வசதி) ஆகிய இரண்டையும் ஆதரிக்கும் மதர்போர்டும், இன்டெலில் எட்டாம் தலைமுறை அல்லது ஏஎம்டியில் ரைசன் 2000 வரிசை முதலான பிராசசரும் தேவை. பழைய பிராசசரைச் சல்லிசாக வாங்கி மிச்சம் பிடிக்க நினைப்பவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். விளையாட்டுக்கு ஹோம் பதிப்பே போதும். புரோ பதிப்பு ஒரு ஃபிரேம்கூடக் கூட்டித் தராது. உரிமத்தில் ஓஇஎம் (புதுக் கணினியோடு விற்கப்படும்) வகை அந்த மதர்போர்டோடு பிணைந்துவிடும்; பின்னாளில் போர்டை மாற்றும் எண்ணமிருந்தால் ரீட்டெயில் (தனியாக விற்கப்படும்) வகையை வாங்குங்கள்.

லினக்ஸ் என்று முடிவு செய்தவர்கள், அடுத்த படியில் ஏஎம்டி கிராபிக்ஸ் கார்டின் பக்கம் சாய்வது நல்லது. அதை இயக்கும் மென்பொருளான டிரைவர் லினக்ஸுக்குள்ளேயே இருக்கிறது. என்விடியாவுக்குத் தனியாக நிறுவ வேண்டியிருக்கும். தொடக்கநிலையில், லினக்ஸ் பதிப்புகளில் லினக்ஸ் மின்ட் அல்லது விளையாட்டுக்கென்றே அமைக்கப்பட்ட பாஸைட் போதுமானது.

படி 2: மானிட்டரும் கிராபிக்ஸ் கார்டும்

கார்டுக்கு முன்பு மானிட்டரை முடிவு செய்யுங்கள். 1920 × 1080 பிக்சல் கொண்ட, 144 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 144 முறை படத்தைப் புதுப்பிக்கும் வேகம்) அல்லது அதற்கு மேல் ஓடும் 24 அங்குல மானிட்டர் தொடக்கநிலையாளருக்கு நிறைவாக இருக்கும். இந்த அளவுக்கு ஆர்டிஎக்ஸ் 4060, ஆர்எக்ஸ் 7600, இன்னும் சிக்கனமாக ஆர்எக்ஸ் 6600 ஆகியவை தாராளமாகப் போதும். மூன்றிலும் 8 ஜிபி நினைவகம்தான். ஆனால் மின்சாரம் உண்ணும் அளவு வேறுபடுகிறது. ஆர்டிஎக்ஸ் 4060-க்கு 115 வாட்ஸ், ஆர்எக்ஸ் 6600-க்கு 132 வாட்ஸ், ஆர்எக்ஸ் 7600-க்கு 165 வாட்ஸ். ஏசி இல்லாத அறையில் இந்த ஐம்பது வாட்ஸ் வேறுபாடு வெறும் மின்கட்டணக் கணக்கு மட்டும் அன்று. கார்டு உண்ணும் ஒவ்வொரு வாட்டும் வெப்பமாக அதே அறைக்குள்தான் இறங்குகிறது.

படி 3: பிராசசர், மதர்போர்டு, ரேம்

இந்த மூன்றையும் ஒன்றாகவே தேர்ந்தெடுக்க வேண்டும். போர்டில் பிராசசர் அமரும் சாக்கெட் மற்றவற்றைக் கட்டுப்படுத்துகிறது. ஏஎம்டியின் ஏஎம்4 சாக்கெட் டிடிஆர்4 ரேமை ஏற்கும். 2022-இல் வந்த ஏஎம்5 டிடிஆர்5-ஐ மட்டுமே ஏற்கும். இன்டெலின் எல்ஜிஏ1700-இல் இரண்டுக்கும் தனித்தனி போர்டுகள் உண்டு. 2025-இன் இறுதியில் ரேம் விலை கடுமையாக ஏறியதால், வாங்கும் நாளில் இரண்டு வகை ரேமின் விலையையும் கேட்டபிறகே சாக்கெட்டை முடிவு செய்யுங்கள். சில ஆண்டுகள் கழித்துப் பிராசசரை மட்டும் மாற்ற வாய்ப்பு வேண்டுமென்றால் ஏஎம்5. இன்றைய பணத்துக்கு இன்றைய விளையாட்டு என்றால் ரைசன் 5 5600-உம் பி550 போர்டும். பி550 போர்டு வெளிவந்தது 2020-இன் நடுவில், ரைசன் 5000 வரிசை வந்தது அவ்வாண்டின் இறுதியில் என்பதால், பழைய சரக்காக இருந்தால் போர்டின் அடிப்படை மென்பொருளான பயாஸைப் புதுப்பிக்காமல் அந்தப் பிராசசரை அது அடையாளம் காணாமல் போகலாம்; புதுப்பித்துத் தரும்படி கடைக்காரரிடமே சொல்லிவிடுங்கள்.

பெயரின் கடைசி எழுத்தைக் கவனியுங்கள். ஐ5-12400எஃப், ஐ3-12100எஃப் என்று எஃப் ஒட்டியிருந்தால் உள்ளே கிராபிக்ஸ் கிடையாது. ரைசன் 5 5600-இலும் கிடையாது. கார்டு பழுதாகி வாரன்டிக்குப் போகும் நாட்களில் கணினி முழுவதும் முடங்கிக் கிடக்கும். சர்வீஸ் சென்டர் பெரும்பாலும் திருச்சியிலோ சென்னையிலோதான் இருக்கும் என்பதால், நம் பக்கத்தில் இருப்பவர்கள் சிறிது கூடுதலாகக் கொடுத்து உள்ளேயே கிராபிக்ஸ் உள்ள பிராசசரை வாங்குவதில் நியாயம் உண்டு.

ரேமில் 16 ஜிபி வேண்டும். ஒரே குச்சியாக அல்ல, எட்டும் எட்டுமாக இரண்டு குச்சிகளாக வாங்கினால்தான் இரட்டைச் சேனலில் இயங்கும்.

படி 4: எஸ்எஸ்டி

விளையாட்டுகளைச் சேமிக்க, மதர்போர்டிலேயே செருகும் எம்.2 வகை என்விஎம்இ எஸ்எஸ்டி, 1 டிபி. இதில் அதிகம் யோசிக்க ஒன்றுமில்லை. நூறு ஜிபியைத் தாண்டும் விளையாட்டுகள் இப்போது சாதாரணம். 100 எம்பிபிஎஸ் இணைப்பில் நூறு ஜிபி இறங்க எவ்விதத் தடையும் இல்லாவிட்டாலே இரண்டேகால் மணி நேரம் ஆகும். 500 ஜிபி வாங்கிவிட்டு, அழிப்பதும் திரும்ப இறக்குவதுமாகக் காலம் கழிக்க வேண்டியதில்லை.

படி 5: எஸ்எம்பிஎஸ், யுபிஎஸ், எர்த்திங்

டெல்டாக்காரர்கள் காசைச் சுருக்கக் கூடாத இடம் இது. 65 வாட்ஸ் பிராசசரும் 115 வாட்ஸ் கார்டும் கொண்ட கணினிக்கு 550 வாட்ஸ் எஸ்எம்பிஎஸ் போதும். ஆனால் அதில் 80 பிளஸ் ப்ரான்ஸ் (Bronze) என்னும் மின்திறன் முத்திரை இருக்க வேண்டும். கேபினெட்டோடு இலவசமாக வரும் எஸ்எம்பிஎஸ்ஸை நம்பிக் கிராபிக்ஸ் கார்டைச் செருகாதீர்கள். வாங்கும்போது பெட்டியைத் திருப்பிப் பக்கவாட்டு லேபிளில் உள்ளீட்டு மின்னழுத்தத்தைப் படியுங்கள். 100 முதல் 240 வோல்ட் என்று இருந்தால், பம்ப்செட்டுகள் ஓடும் நேரத்தில் வீட்டு விளக்கு மங்கினாலும் கணினி அசையாது. ஸ்டெபிலைசரும் தனியாக வேண்டாம். 200 முதல் 240 வரை என்று மட்டும் இருந்தால் வைத்துவிட்டு வேறொன்றைக் கேளுங்கள்.

குறைந்த அழுத்தத்தைவிட மிகுந்த அழுத்தமே ஆபத்து. புயல் மழையில் தெருக்கம்பத்தில் நியூட்ரல் கம்பி அறுந்தால், 230 வோல்ட் வர வேண்டிய வீட்டு இணைப்பில் 400-ஐ நெருங்கும் அழுத்தம்கூட ஏறக்கூடும். 2018 நவம்பரில் கஜா புயல் வந்துபோன பகுதிகளில் கம்பமும் கம்பியும் கிடந்த கிடப்பைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. காற்று பலமாக அடிக்கும் நாளில் பிளக்கையே பிடுங்கி வைப்பதுதான் முழுமையான பாதுகாப்பு. தாமிர லேன் கம்பி வழியாகவும் இடியின் தாக்கம் வரும் என்பதால் அதையும் கழற்றுங்கள்.

யுபிஎஸ் பெட்டியின் முகப்பில் 1000 விஏ என்று பெரிதாக எழுதியிருக்கும். பின்பக்கத்துச் சிறிய லேபிளில் 600 வாட்ஸ் என்று இருக்கும். உங்களுக்குத் தேவையான எண் அந்தச் சிறியதுதான். மேலே சொன்ன கணினியும் மானிட்டரும் சேர்ந்து விளையாட்டின்போது 250 வாட்ஸ் அளவில் இழுக்கலாம். 600 வாட்ஸ் யுபிஎஸ் அதைத் தாங்கி, சேமித்துவிட்டு முறையாக அணைப்பதற்கான சில நிமிடங்களைத் தரும். கரண்ட் போன பிறகும் விளையாடுவதற்கு வாங்கும் பொருள் அன்று அது. வீட்டில் ஏற்கெனவே இன்வெர்ட்டர் இருந்தால் அது சைன் வேவ் வகையா என்று பாருங்கள். ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரில் இந்தக் கணினியை இணைக்க வேண்டாம்.

அடுத்து எர்த்திங். பொருத்தி முடித்த கேபினெட்டின் உலோகப் பகுதியில் புறங்கை படும்போது மெல்லியதாகச் சுரீரென்றால், பலரும் கணினியில் ஏதோ லீக் என்று பயந்து கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். எஸ்எம்பிஎஸ்ஸின் வடிகட்டியில் உள்ள கெப்பாசிட்டர்கள் ஃபேஸ், நியூட்ரல் இரண்டிலிருந்தும் உலோகக் கூட்டுக்கு இணைக்கப்பட்டிருக்கும். எர்த் இணைப்பு இல்லாதபோது கூடு, வரும் அழுத்தத்தில் ஏறக்குறைய பாதி அழுத்தத்தில் மிதக்கும். மின்னோட்டம் மிகச் சிறியதுதான், ஆனாலும் பழுது வீட்டு வயரிங்கில் இருக்கிறது. பழைய ஓட்டு வீடுகளில் மூன்று துளை சாக்கெட் இருக்கும், மூன்றாவது துளைக்குப் பின்னால் கம்பியே இருக்காது. எலக்ட்ரீஷியனை அழைத்துச் சோதிக்கச் சொல்லுங்கள்; உப்பும் கரியும் இட்ட எர்த் குழி இருந்தால், கோடையில் அதில் தண்ணீர் ஊற்றும் வழக்கத்தை விட்டுவிடாதீர்கள்.

படி 6: கேபினெட்

முகப்பு முழுவதும் கண்ணாடியாக இருக்கும் கேபினெட் படத்தில் அழகாக இருக்கும். நம் வெயிலுக்கு ஆகாது. வலை முகப்புள்ளதைத் தேர்ந்தெடுத்து, முன்னால் இரண்டு ஃபேன் காற்றை இழுக்க, பின்னால் ஒன்று வெளியேற்றும்படி வையுங்கள். வாசலில் நுழைந்த காற்று நேராகக் கொல்லைப்புறம் போவதைப்போல அது கடந்து போக வேண்டும். அறையின் வெப்பம் ஐந்து டிகிரி ஏறினால் பிராசசரின் வெப்பமும் ஏறத்தாழ அதே அளவு ஏறும் என்பதால், டிசம்பரில் சோதித்துவிட்டு நிம்மதி அடைய முடியாது. முன்வலைக்குப் பின்னால் கழற்றிக் கழுவும் தூசி வடிகட்டி இருப்பது அவசியம். சம்பா அறுவடை நாட்களில் வயலோரத்து வீடுகளில் அது ஒரே வாரத்தில் சாம்பல் நிறமாகிவிடும். நாகப்பட்டினம், தரங்கம்பாடி, வேதாரண்யம் போன்ற கடலோர ஊர்களில் உப்புக்காற்று உலோக முனைகளை அரிக்கும். கடலைப் பார்த்த ஜன்னலுக்கு அருகில் வைக்காதீர்கள்.

படி 7: வாங்குதல்

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கோ திருச்சிக்கோ போனாலும், கூரியரில் வரவழைத்தாலும், ஒவ்வொரு பாகத்துக்கும் வரிசை எண் குறித்த ஜிஎஸ்டி பில் வாங்குங்கள். பிராசசரைப் பெட்டியோடு வாங்கினால் இன்டெல், ஏஎம்டி இரண்டும் மூன்று ஆண்டு வாரன்டி தருகின்றன. பெட்டியின்றி ட்ரே வகையாக விற்பதில் அந்த உறுதி இல்லை. கூரியர் பெட்டியைப் பிரிப்பதை இடைவெட்டு இல்லாமல் கைபேசியில் பதிவு செய்யுங்கள்.

படி 8: பொருத்தியபின் நிறுவுதல்

ஏஎம்4 பிராசசரில் ஊசிகள் பிராசசரின் அடியில் இருக்கும். ஏஎம்5-இலும் இன்டெலிலும் போர்டில் இருக்கும். எங்கே இருந்தாலும் விரல் படக் கூடாது. முக்கோணக் குறிகள் இரண்டையும் நேர்ப்படுத்தி வைத்தால் தானாக அமரும், அழுத்த வேண்டியதில்லை.

விண்டோஸுக்கு 8 ஜிபி பென்டிரைவில் மைக்ரோசாஃப்ட்டின் மீடியா கிரியேஷன் கருவியைக் கொண்டு நிறுவியைத் தயாரியுங்கள். நிறுவும்போதே இணைய இணைப்பு கேட்கப்படும். போர்டின் வைஃபை டிரைவர் அதில் இல்லாமல் போகலாம் என்பதால், மதர்போர்டு நிறுவனத்தின் தளத்திலிருந்து அந்த டிரைவரையும் முன்கூட்டியே அதே பென்டிரைவில் போட்டு வையுங்கள். முதலில் பயாஸுக்குள் சென்று டிபிஎம் இயங்குகிறதா என்று பாருங்கள். ஏஎம்டி போர்டில் அது எஃப்டிபிஎம் என்றும் இன்டெலில் பிடிடி என்றும் இருக்கும். அங்கேயே ரேமுக்கான எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ என்னும் வேக அமைப்பை இயக்குங்கள். இல்லாவிட்டால் 3200 என்று காசு கொடுத்து வாங்கிய ரேம் அதைவிடக் குறைந்த வேகத்திலேயே ஓடிக்கொண்டிருக்கும்.

மானிட்டர் கேபிளை மதர்போர்டில் அல்ல, அதற்குக் கீழே கிடைமட்டமாக இருக்கும் கிராபிக்ஸ் கார்டின் துளையில் செருகுங்கள். பிறகு காட்சி அமைப்புகளில் 60 ஹெர்ட்ஸாக இருப்பதை 144-க்கு மாற்றுங்கள்; இது தானாக மாறாது. கடைசியாக, பிற்பகல் இரண்டு மணிக்கு ஏதாவது கனமான விளையாட்டை அரைமணி நேரம் ஓட்டி வெப்பநிலையைப் பாருங்கள். ரைசன் 5 5600-க்கு உச்ச வரம்பு 90 டிகிரி. அது 80-ஐ ஒட்டி நின்றால் கவலையில்லை. 90-ஐத் தொட்டுக்கொண்டே இருந்தால் கூலரைக் கழற்றி, வெப்பம் கடத்தும் பேஸ்ட் பரவியிருக்கிறதா, அடியிலிருக்கும் பாதுகாப்பு பிளாஸ்டிக் தாளை உரித்தீர்களா என்று பாருங்கள்.