தொட்டி ரோஜாவில் சிவப்புச் சிலந்திப்பேன்: எதை, எங்கே, எத்தனை முறை தெளிப்பது?

பங்குனி வெயில் ஏறியதும் மாடி ரோஜாவில் இலைகள் ஊசியால் குத்தியதுபோல் வெளிறிப் புள்ளி விழும். பிறகு செம்பழுப்பாகிக் கொட்டும். சத்துக் குறைபாடு என்று யூரியாவோ கடலைப் பிண்ணாக்குக் கரைசலோ ஊற்றிவிடாதீர்கள். தழைச்சத்து கூடினால் சிலந்திப்பேனுக்குத்தான் விருந்து.

முதலில் உறுதிசெய்யுங்கள்

இலைக்குக் கீழே வெள்ளைத் தாளைப் பிடித்து, கிளையை நாலு தட்டு தட்டுங்கள். அரை மில்லிமீட்டர்கூட இல்லாத புள்ளிகள் மெதுவாக நகர்ந்தால் சிலந்திப்பேன். நீளவாக்கில் இருந்து விறுவிறுவென்று ஓடினால் அது இலைப்பேன். அதற்கு வைத்தியம் வேறு. பத்து மடங்கு லென்ஸ் இருந்தால் அடிப்பக்க நரம்போரம் உருண்டை முட்டைகளும் உரித்த தோலும் தெரியும். நூலாம்படை கண்ணுக்குத் தெரியும்வரை காத்திருந்தால் பாதிச் செடி போயிருக்கும்.

தண்ணீர் அடி

தொட்டியைத் தனியே நகர்த்துங்கள். அதிகம் பழுத்த கீழ் இலைகளைக் கிள்ளி, பிளாஸ்டிக் கவரில் கட்டிக் குப்பையில் போடுங்கள், உரக்குழிக்கு வேண்டாம். செடியை மொட்டையடிக்கவும் வேண்டாம், மூன்றில் ஒரு பங்கு இலைக்கு மேல் எடுத்தால் வெயிலில் தண்டு காயும்.

காலையில் ஹோஸ் பைப் முனையை விரலால் அழுத்தி, கீழிருந்து மேலாகப் பீய்ச்சுங்கள். மாலையில் செய்தால் இலை இரவெல்லாம் ஈரமாக நின்று கரும்புள்ளி நோய் வரும்.

வேப்பெண்ணெய்க் கரைசல்

பெரும்பாலும் சொதப்புவது இங்கேதான். தண்ணீரில் எண்ணெயை ஊற்றி, மேலே கொஞ்சம் சோப்பு விட்டுக் குலுக்கினால் எண்ணெய் மிதக்கும். முதல் செடிக்கு வெறும் தண்ணீர், கடைசிச் செடிக்கு வெறும் எண்ணெய், மறுநாள் அந்த இலை கருகும்.

ஒரு லிட்டருக்கு அளவு: வேப்பெண்ணெய் 5 மில்லி, துருவிய காதி சோப்பு 5 கிராம். சோப்பை 100 மில்லி வெதுவெதுப்பான நீரில் முழுக்கக் கரையுங்கள். அதில் எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் கலக்குங்கள், பால்போல் வெளுக்க வேண்டும். பிறகு மீதித் தண்ணீர். ஐந்து நிமிடம் வைத்துப் பாருங்கள். மேலே எண்ணெய் வளையம் தெரிந்தால் தெளிக்காதீர்கள், இன்னும் கொஞ்சம் சோப்புக் கரைசல் சேருங்கள். கலந்ததை அன்றே தீர்த்துவிடுங்கள்.

கரைசல் தயிர்போலத் திரிகிறது என்றால் குற்றம் எண்ணெயில் இல்லை, போர் தண்ணீரில். உப்பு மிகுந்த நீரில் சோப்பு வேலை செய்யாது. மழைநீரோ ஆர்ஓ குடிநீரோ எடுங்கள். ஆர்ஓவிலிருந்து வெளியேறும் கழிவுநீர் இன்னும் மோசம்.

பாத்திரம் கழுவும் திரவம் அவசரத்துக்கு ஓடும், ஆனால் தளிரைச் சுடும். ஒரு இலையில் தெளித்து மறுநாள் பார்த்துவிட்டு இறங்குங்கள்.

தெளிப்பது

இரண்டு லிட்டர் பிரஷர் ஸ்ப்ரேயர் வாங்குங்கள், முனை திரும்பும் வகையாக. அரை லிட்டர் விசைப் பாட்டிலைக் கவிழ்த்துப் பிடித்தால் குழாய் காற்றைத்தான் உறிஞ்சும், அடிப்பக்கம் நனையவே நனையாது. சிலந்திப்பேன் குடியிருப்பது அங்கேதான். வெயில் தாழ்ந்ததும், இருட்டுவதற்குள் இலை காயும்படி, கீழிருந்து மேலாக, ஒவ்வொரு இலையின் அடியிலிருந்தும் சொட்டும்வரை அடியுங்கள். மேல்பக்கம் கடைசியில் ஒரு வீச்சு போதும்.

இந்தக் கரைசல் முட்டையைச் சரியாகக் கொல்லாது. நம் கோடையில் முட்டை மூன்று நாளில் பொரியும், பத்து நாளுக்குள் குஞ்சு தாயாகும். அதனால் நான்கு நாள் இடைவெளியில் நான்கு தெளிப்பு. இரண்டாவதோடு நிறுத்துவதால்தான் ‘வேப்பெண்ணெய் கேட்கவில்லை’ என்ற புகார். பழைய இலை பச்சைக்குத் திரும்பாது. புதுத் தளிரில் புள்ளி இல்லையா என்று மட்டும் பாருங்கள்.

அதற்கும் அடங்காவிட்டால்

கடையில் இமிடாகுளோபிரிட் என்ற பூச்சிமருந்தை எடுத்து நீட்டுவார்கள். வேண்டாம். சிலந்திப்பேன் எட்டுக்கால் ஜீவன், பூச்சி இனமே அல்ல. அந்த மருந்து இதைத் தொடாது, இதைத் தின்னும் பொறிவண்டுகளைக் கொன்று பெருக்கத்தான் உதவும்.

நனையும் கந்தகம் (தண்ணீரில் கலக்கும் கந்தகத் தூள்) லிட்டருக்கு 2 கிராம் நல்ல மருந்து, ஆனால் 32 டிகிரிக்கு மேல் இலையைப் பொசுக்கும். சித்திரையில் அதை மறந்துவிடுங்கள். எண்ணெய் தெளித்திருந்தால் இரண்டு வாரமாவது இடைவெளி விட வேண்டும். கோடையில் என் தேர்வு அபாமெக்டின் 1.9 இசி (தண்ணீரில் கலக்கும் திரவ மருந்து), லிட்டருக்கு அரை மில்லி. ஊசி போடும் சிரிஞ்சில் அளந்து, கையுறையும் முகக்கவசமும் போட்டு, தேனீ அடங்கிய பிறகு. அதையே தொடர்ந்து அடித்தால் எதிர்ப்புத் திறன் வந்துவிடும். குல்கந்துக்கோ தலையில் வைக்கவோ பறிக்கும் பன்னீர் ரோஜாவுக்கு இது கூடாது, சோப்போடு நில்லுங்கள்.

கூடுதல் குறிப்பு

துப்புரவாக எல்லாம் செய்தும் திரும்பத் திரும்ப வருகிறதா? பக்கத்துத் தொட்டிகளைத் தட்டிப் பாருங்கள். பூச்சியை விரட்டும் என்று பலர் ரோஜாவுக்கு அருகில் வைக்கும் செண்டுமல்லியில் சிலந்திப்பேன் கொழிக்கும். கத்தரியும் அவரையும் அப்படித்தான். அவற்றுக்கும் அதே நாளில், அதே நான்கு சுற்று.