வைக்கோலில் பூஞ்சை வளர்த்து செல்லுலேஸ் எடுக்கும் முறை

பிசான நெல் அறுவடை முடிந்ததும் நெல்லைப் பக்கத்து அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி வயல்களில், மாட்டுக்குப் போக மிஞ்சும் வைக்கோலே இதற்குப் போதுமான மூலப்பொருள். டெனிம் துணியை மென்மையாக்குவதற்கும் சலவைத்தூளுக்கும் பயன்படும் செல்லுலேஸ் நொதியை (தாவர நாரிலுள்ள செல்லுலோஸைச் சர்க்கரையாக உடைப்பது), ட்ரைக்கோடெர்மா ரீசி என்ற பூஞ்சையைக் கொண்டு இதிலிருந்து பெறலாம். இரண்டாம் உலகப்போரின்போது சாலமன் தீவுகளில் அமெரிக்க ராணுவத்தின் பருத்திக் கித்தானை அரித்த பூஞ்சை இதுதான். சண்டிகரிலுள்ள நுண்ணுயிர்ச் சேமிப்பகம் போன்ற இடத்திலிருந்தே பூஞ்சையின் வித்துகளை (ஸ்போர்) வாங்க வேண்டும். வைக்கோற்போரில் தானாகப் பூத்ததை எடுத்து வளர்த்தால், அஃப்ளாடாக்சின் நஞ்சைச் சுரக்கும் இனம் கலந்துவிடக்கூடும்.

உலர்ந்த வைக்கோலை ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் துண்டுகளாக நறுக்குங்கள்; மாவாக அரைத்தால் காற்று புகாது. 1 முதல் 2 சதவீத காஸ்டிக் சோடாக் கரைசலில் ஊறவைத்து, காரம் நீங்கும்வரை கழுவிக் காயவைக்கவும். கழுவிய நீரை நடுநிலையாக்காமல் கால்வாயில் விடக் கூடாது. பின்பு 7 பங்கு வைக்கோலுக்கு 3 பங்கு கோதுமைத் தவிடு சேர்க்கவும். நம்மூர் ஆலைகளில் எளிதில் கிடைக்கும் அரிசித் தவிட்டில் எண்ணெய் மிகுதி. விரைவில் சிக்கு வாடை அடிப்பதால் நான் அதைத் தவிர்க்கிறேன்.

கிலோவுக்கு ஒன்றரை லிட்டர் கணக்கில், அம்மோனியம் சல்பேட்டும் பாஸ்பேட்டும் சிறிதளவு கரைத்த நீரைக் கலந்தால் ஈரப்பதம் 60 சதவீதமாகும். ஒரு பிடியை இறுக்கிப் பிழிந்தால் விரலிடுக்கில் நீர் மினுங்க வேண்டும், சொட்டக் கூடாது. ஆட்டோகிளேவில் (அழுத்த நீராவியால் கிருமி நீக்கும் கலன்) 121 டிகிரியில் 20 முதல் 30 நிமிடம் வேகவைத்து, நன்றாக ஆறிய பின் கிராமுக்கு ஒரு கோடி வித்துகள் வீதம் தூய நீரில் கலந்து தெளிக்கவும். வித்துத் தூசு நுரையீரலுக்குக் கேடு என்பதால் முகக்கவசம் கட்டாயம்.

தட்டில் இரண்டு, மூன்று சென்டிமீட்டருக்கு மேல் பரப்ப வேண்டாம். பூஞ்சை வளரும்போது தானே சூட்டை வெளிவிடுகிறது. வைக்கோல் அதை எளிதில் கடத்துவதில்லை. பங்குனி, சித்திரையில் நெல்லையின் வெயில் வேறு சேர்ந்துகொள்கிறது. எனவே அறையை 28 முதல் 30 டிகிரியில் வைத்து, வெப்பமானியைத் தட்டின் நடுவே செருகிப் பாருங்கள். ஓரம் வெண்மையாகவும் நடு பழுப்பாகவும் இருந்தால், நடுவில் வெந்துவிட்டது என்று பொருள். புளித்த வாடையும் பிசுபிசுப்பும் தென்பட்டால் பாக்டீரியா புகுந்துவிட்டது. அந்தத் தட்டை அப்படியே கொதிக்கவைத்து அகற்றிவிடுங்கள்.

ஐந்து முதல் ஏழு நாளில், உலர் எடைக்குப் பத்து மடங்கு சிட்ரேட் கரைசல் (பிஎச் 4.8) ஊற்றி ஒரு மணி நேரம் குலுக்கி, துணியில் பிழிந்து வடிகட்டுங்கள். வீரியத்தை அறிய, 50 மில்லிகிராம் வாட்மேன் வடிதாள் துண்டைச் சாற்றில் இட்டு, 50 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்து, வெளிப்படும் சர்க்கரையை டிஎன்எஸ் முறையில் (சர்க்கரைக்கேற்ப நிறம் மாறும் வேதிப்பொருள் கொண்டு) 540 நானோமீட்டர் ஒளியில் நிறமானியால் அளக்க வேண்டும். சாற்றிலேயே வைக்கோலின் சர்க்கரை கலந்திருக்கும் என்பதால், தாள் இடாத சாற்றையும் அளந்து கழித்துவிடுங்கள். சாற்றை 4 டிகிரியில் வையுங்கள். சக்கையை மீண்டும் ஆட்டோகிளேவில் இட்ட பிறகே உரக்குழிக்கு அனுப்பலாம்.