உத்ரெக்டில் எதுவரை சைக்கிள், எங்கிருந்து நடை

நெதர்லாந்தின் உத்ரெக்ட் நகரத்துக்கு வேலைக்கோ படிப்புக்கோ புதிதாக வந்திருக்கிறீர்களா? வீடு, வங்கிக் கணக்கு எல்லாம் ஒரு வழிக்கு வந்ததும் முதலில் ஒரு பழைய சைக்கிள் வாங்குங்கள். பின்சக்கரத்தோடு வரும் வளையப் பூட்டு மட்டும் போதாது, கம்பியோடு சேர்த்துக் கட்ட ஒரு தடித்த சங்கிலியும் வேண்டும். வாங்கும் முன் ஒரு சுற்று ஓட்டிப் பாருங்கள், ஏனென்றால் பல சைக்கிள்களில் கையில் பிரேக்கே இருக்காது, பெடலைப் பின்னோக்கி மிதித்தால்தான் நிற்கும். நமக்குப் பெடலைச் சும்மா பின்னால் சுற்றும் பழக்கம் உண்டே, முதல் நாள் அப்படிச் சுற்றி நான் நடுப்பாதையில் சடக்கென்று நின்றுவிட்டேன். பின்னால் சைக்கிளில் வந்த ஓர் அம்மா அடித்த மணி இன்னும் காதில் கேட்கிறது.

டபுள்ஸ் போனால் போலீஸ் பிடிக்கும் என்று ஊரில் பயந்து வளர்ந்தவர்கள் கவனிக்க: இங்கே கேரியரில் ஆளை ஏற்றிக்கொண்டு தாராளமாகப் போகலாம் (8 வயதுக்குக் குறைந்த பிள்ளை என்றால் காலுக்குத் தாங்கல் உள்ள தனி இருக்கை வேண்டும்). இருட்டில் விளக்கில்லாமல் போனாலும், ஓட்டும்போது போனைக் கையில் வைத்திருந்தாலும்தான் அபராதம். முன்னால் வெள்ளை விளக்கு, பின்னால் சிவப்பு. மேப் பார்க்க வேண்டுமா, ஓரங்கட்டி நின்று பாருங்கள். பலகையோ கோடோ எதுவும் இல்லாத சந்திப்பில் வலப்பக்கமிருந்து வருபவருக்கு வழிவிட வேண்டும். தரையில் வெள்ளை முக்கோணங்களின் முனை உங்களைப் பார்த்து இருந்தால் வழிவிட வேண்டியது நீங்கள். அப்புறம், நடக்கும்போது சிவப்புத் தார்ப் பாதையில் இறங்காதீர்கள், அது சைக்கிளுக்கானது.

சரி, ஊர் சுற்றுவதற்கு வருவோம். பழைய ஊரின் விளிம்பு வரை சைக்கிள், அதற்குள் நடை, இதுதான் என் கணக்கு. மத்திய ரயில் நிலையத்தின் அடியில் 12,500 சைக்கிள்கள் நிற்கும் நிறுத்தம் இருக்கிறது, உலகிலேயே பெரியது, முதல் 24 மணி நேரம் இலவசம், உள்ளே ஓட்டிக்கொண்டே போகலாம். நிறுத்திய வரிசையின் எண்ணை மட்டும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். நான் எடுக்காமல் போய், மூன்று தளங்களிலும் தேடி அலைந்தேன். கறுப்பு சைக்கிள் என்பது அங்கே ஓர் அடையாளமே இல்லை.

அங்கிருந்து பத்துப் பதினைந்து நிமிட நடையில் டோம் தேவாலயத்தின் கோபுரம். 112 மீட்டர் உயரம், 465 படிகள், வழிகாட்டியோடுதான் ஏற முடியும். ஆனால் ஏறுவதற்கு முன் கீழே சதுக்கத்தில் கொஞ்ச நேரம் நில்லுங்கள். கோபுரம் ஒரு பக்கம், தேவாலயம் எதிர்ப்பக்கம், நடுவில் வெட்டவெளி. 1674 ஆகஸ்ட் 1 அன்று அடித்த புயலில் இடையிலிருந்த நீண்ட கூடம் இடிந்து விழுந்தது, அதை யாரும் திரும்பக் கட்டவில்லை. தெரியாமல் பார்த்தால் இரண்டும் வேறு வேறு கட்டடம் என்றே தோன்றும்.

அடுத்து அவுடெக்ராக்ட் கால்வாய். இங்கே தெரு மேலே, படித்துறை கீழே, தண்ணீரை ஒட்டி வரிசையாக நிலவறைகள். படகில் வந்த சரக்கை நேரே உள்ளே இறக்க அந்தக் காலத்தில் செய்த ஏற்பாடு, இப்போது பலவற்றில் சாப்பாட்டுக் கடை. இறங்குவதற்குப் படிகள்தான், சைக்கிள் ஆகாது. தண்ணீர் ஓரம் தடுப்புக் கம்பி கிடையாது, சின்னப் பிள்ளைகளின் கையை விடாதீர்கள். இந்தத் தெருவிலேயே தரைக்கற்களில் ஒரு கவிதை நீண்டுகொண்டே போகிறது. ஒவ்வொரு சனிக்கிழமையும் ஒரு கல், ஒரு கல்லுக்கு ஓர் எழுத்து. ஒரு வருட ஒப்பந்தத்தில் வந்தவர் 52 எழுத்து வளர்வதைப் பார்த்துவிட்டுப் போகலாம்.

திரும்பும்போது காத்தரைன சிங்கல் வழியாக நடங்கள். பழைய அகழியின் இந்தப் பகுதியை 1970களில் தூர்த்துக் கார்களுக்குப் பெருஞ்சாலை போட்டார்கள், 2020இல் சாலையைத் தோண்டியெடுத்துத் தண்ணீரை மறுபடி விட்டார்கள்.

கிழக்கே, கட்டடக் கலைஞர் ரீட்வெல்ட் வடிவமைத்த ரீட்வெல்ட் ஷ்ரோடர் வீட்டுக்கு மட்டும் மறுபடி சைக்கிளை எடுங்கள். 1924இல் கட்டியது, யுனெஸ்கோ பட்டியலில் உள்ளது, மாடியில் சுவர்களே நகரும். இணையத்தில் முன்பதிவு செய்துவிட்டுப் போங்கள், சும்மா போனால் வாசலோடு திரும்ப வேண்டியிருக்கும்.