ஊடகக் கலையை இணையத்தில் வைக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஓவியத்தின் புகைப்படத்தை இணையத்தில் பார்க்கிற யாரும் அதையே ஓவியம் என்று எண்ணிக்கொள்வதில்லை. வீடியோ விஷயத்தில் இந்தத் தெளிவு கிடைப்பதில்லை. ஒரே பிளேயருக்குள் முழுப் படைப்பு இருக்கலாம், அதிலிருந்து வெட்டிய துண்டு இருக்கலாம், காட்சிக்கூடத்தில் யாரோ கேமராவோடு நடந்து எடுத்த பதிவும் இருக்கலாம். மூன்றுக்கும் அதே முக்கோணப் பொத்தான்தான். எதைக் காட்டுகிறோம் என்று பக்கம் சொல்லாவிட்டால் பார்க்கிறவருக்குத் தெரிய வழியே இல்லை. இணையத்தில் ஊடகக் கலை, அதாவது வீடியோ, ஒலி, நிரல் போன்றவற்றால் செய்யும் கலை, சிதைந்து கிடக்கும் இடங்களில் பெரும்பாலான குறைகள் இங்கிருந்துதான் கிளம்புகின்றன.

வீடியோ கலைஞர் நாம் ஜூன் பைக்கின் (Nam June Paik) 'டிவி புத்தா'வை (1974) எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு புத்தர் சிலை, எதிரே ஒரு டிவி, சிலையைப் பார்த்தபடி ஒரு கேமரா. கேமரா பிடிக்கும் படம் அந்த நொடியே டிவியில் ஓடும்; புத்தர் தன்னையே பார்த்துக்கொண்டிருப்பார். சிலைக்குப் பின்னால் நீங்கள் எட்டிப் பார்த்தால் நீங்களும் திரையில் வருவீர்கள். முன்கூட்டிப் பதிவு செய்த நாடா என்று இதில் எதுவும் கிடையாது. ஆகவே இந்தப் பெயரில் இணையத்தில் ஓடும் எந்த வீடியோவும் ஆவணப் பதிவுதான். அதற்குக் கீழே 'டிவி புத்தா, 1974' என்று மட்டும் போட்டால் அது தப்பான தகவல். எந்தக் காட்சியில், எந்த ஆண்டில், யார் எடுத்த பதிவு என்பதும் சேர்ந்தால்தான் குறிப்பு முழுமை பெறும்.

மூன்று திரைகளில் ஓட வேண்டிய படைப்பை ஒரே சட்டத்துக்குள் அருகருகே ஒட்டிக் காட்டுவதும் இந்த வகைதான். செய்யக்கூடாது என்றில்லை. 'மூன்று திரைப் படைப்பு, இணையப் பார்வைக்காக ஒன்றாக்கியது' என்று ஒரு வரி எழுதிவிட்டுச் செய்யலாம்.

துண்டு காட்டுவதிலும் ஒரு வழக்கமான தவறு உண்டு: முதல் இரண்டு நிமிடத்தை அப்படியே வெட்டிப் போடுவது. மெதுவாக நகரும் படைப்பில் முதல் இரண்டு நிமிடத்தில் ஒன்றுமே நடக்காது. இன்னும் மோசம், நாலைந்து இடங்களில் வெட்டி ஒட்டி, அடியில் இசையைப் போட்டு டிரெய்லர் ஆக்குவது. எந்தத் துண்டைக் காட்டலாம் என்பதைக் கலைஞரிடம் கேளுங்கள். 'மொத்தம் 18 நிமிடத்தில் 2 நிமிடம்' என்பது போல நீளத்தையும் சொல்லிவிடுங்கள்.

குறிப்பில் பெயர், தலைப்பு, ஆண்டு, முழு நீளம் எல்லோரும் போடுகிறார்கள். விட்டுப்போவது மற்றவை: வண்ணமா கறுப்புவெள்ளையா, எத்தனை திரை, முதலில் எதில் எடுத்தது, பிறகு எதற்கு மாற்றியது. 16 மி.மீ. ஃபிலிமில் எடுத்ததை வெறும் 'வீடியோ' என்று எழுதக் கூடாது. ஒலி இல்லாத படைப்பு என்றால் 'ஒலி இல்லை' என்று கட்டாயம் எழுதுங்கள். இல்லாவிட்டால் பார்க்கிறவர் தன் ஸ்பீக்கரைத் தட்டிக்கொண்டிருப்பார்.

பிளேயர் செய்யும் வேலைகள்

கலைஞர் செய்யாத திருத்தங்களை எல்லாம் பிளேயரும் வீடியோ தளமும் சத்தமில்லாமல் செய்துவிடும். பழைய வீடியோக்கள் 4:3 விகிதத்தில் இருக்கும். இன்றைய பிளேயர் பெட்டி பெரும்பாலும் 16:9. பெட்டி நிறைய வேண்டும் என்று படத்தை இழுத்தால் முகங்கள் உப்பிப் போகும். மேலும் கீழும் வெட்டினால் படத்தின் உயரத்தில் கால் பங்கு காணாமல் போகும். கால் பங்கு என்றால் ஒரு தலையோ ஒரு கையோ போகிற அளவு. இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை விழுந்தால் விழட்டும். வடிவமைப்பாளருக்கு அது உறுத்தும், ஆனால் படைப்பு முழுசாக இருக்கும்.

இதைவிட நுட்பமான தவறு ஒன்று உண்டு. பால் (PAL) என்ற டிவி ஒளிபரப்பு முறையில் பதிவான பழைய நாடாவை டிஜிட்டல் ஆக்கினால் 720-க்கு 576 புள்ளிகள் கிடைக்கும். அந்தப் புள்ளிகள் சதுரம் இல்லை, கொஞ்சம் அகலமானவை. அதைக் கவனிக்காமல் சதுரமாகக் கணக்கிட்டு ஏற்றினால் படம் லேசாக ஒடுங்கிவிடும். முகத்தில் தெரியாது, படத்தில் வட்டம் ஏதாவது இருந்தால் முட்டை மாதிரி நிற்பதைப் பார்த்துக் கண்டுபிடிக்கலாம். அதே நாடாவில் ஒவ்வொரு ஃபிரேமும் ஒற்றை வரி, இரட்டை வரி என இரண்டு பாதிகளாகப் பதிவாகியிருக்கும், நொடிக்கு 50 பாதிகள். அதைப் பிரிக்காமல் விட்டால் அசையும் பொருள்களின் விளிம்பில் சீப்புப் பல் போலக் கோடுகள் தெரியும். நொடிக்கு 25 ஃபிரேமாகச் சுருக்கினால் கோடு போகும், கூடவே அசைவின் பாதியும் போகும். 50 ஃபிரேமாக மாற்றினால்தான் டிவியில் பார்த்த அந்த வழவழப்பு கிடைக்கும்.

அப்புறம் சுருக்கம். வீடியோவைச் சுருக்கும் முறைகள் முந்தைய ஃபிரேமிலிருந்து என்ன மாறியது என்பதை மட்டும் சேமித்துத்தான் இடத்தை மிச்சப்படுத்துகின்றன. பேட்டி வீடியோவுக்கு இது போதும், பின்னணிச் சுவர் மாறப்போவதில்லை. ஆனால் டிவி இரைச்சல் புள்ளிகளையே பொருளாக வைத்த படைப்பில் ஒவ்வொரு ஃபிரேமிலும் எல்லாமே மாறுகிறது. சுருக்கும் மென்பொருளுக்கு மிச்சம் பிடிக்க எதுவும் இல்லாததால் புள்ளிகளை எல்லாம் கலக்கிச் சாம்பல் கட்டங்களாக்கிவிடும். ஃபிலிமின் மணல்தன்மைக்கும், இருட்டில் மெல்ல வெளுக்கும் காட்சிக்கும் இதே கதிதான். எல்லாப் படைப்புக்கும் ஒரே அமைப்பை வைத்து மொத்தமாக ஏற்றுவது இதனால்தான் சரிப்படாது. இரைச்சலும் இருட்டும் உள்ளவற்றுக்குக் கூடுதல் பிட்ரேட் (ஒரு நொடிப் படத்துக்கு ஒதுக்கும் தரவின் அளவு) கொடுத்து, ஏற்றிய பிறகு மூலத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

பக்கம் திறந்தவுடன் தானாக ஓடுவது தனித் தொல்லை. ஒலியோடு தானாக ஓடும் வீடியோவை குரோம் பிரவுசர் 2018 முதல் பெரும்பாலும் தடுக்கிறது. ஒலியை அணைத்து வைத்தால் ஓடவிடும். உடனே பலர் ஒலியை அணைத்தே ஓடவிடத் தொடங்கினார்கள். ஒலியை நம்பி நிற்கும் படைப்பு பக்கத்தின் தலையில் ஊமையாகச் சுற்றிச் சுற்றி ஓடுகிறது. ஒரு நிலைப்படம், ஒரு பொத்தான், 'ஒலி உண்டு, ஹெட்போன் நல்லது' என்ற வரி. இவ்வளவு போதும். படைப்பு முடிந்ததும் அடுத்த வீடியோவையோ விளம்பரத்தையோ தள்ளும் தளத்தில் ஏற்றினால் அந்த வசதிகளை அணைக்க முடியுமா என்று பாருங்கள். முடியாவிட்டால் வேறு தளம் தேடுவதே மேல்.

நிரலாக எழுதிய படைப்புகள்

நெட் ஆர்ட், அதாவது இணையத்தையே ஊடகமாக வைத்துச் செய்யும் கலை, விஷயத்தில் ஸ்கிரீன்ஷாட்டே பெரிய தவறாக முடியலாம். ஜோடி என்ற பெயரில் இயங்கும் இருவர் 1995-இல் போட்ட தளம் நல்ல உதாரணம். முகப்பில் கறுப்புப் பின்னணியில் பச்சை எழுத்துகளும் குறிகளும் தாறுமாறாகச் சிதறிக் கிடக்கும். ஏதோ கோளாறு என்று நினைத்து மூடிவிடத் தோன்றும். பக்கத்தின் மூல நிரலைத் திறந்தால், அதே குறிகள் வரிசையாக அமைந்து ஒரு வெடிகுண்டின் வரைபடமாக நிற்கும். ஸ்கிரீன்ஷாட் எடுத்துக் காட்சிக்கு வைத்தால் கோளாறு மட்டும்தான் மிஞ்சும். பழைய தளத்தைப் புதிய நிர்வாக மென்பொருளுக்கு மாற்றும்போது நிரலைத் தானாக ஒழுங்குபடுத்தும் கருவி ஒன்று உள்ளே புகுந்தாலும் குண்டு காலி.

பிரவுசரில் அசையும் படைப்புகளில் இன்னொரு கண்ணி. திரை ஒரு முறை புதுப்பிக்கும்போது ஓர் அடி நகரும்படி பலர் எழுதியிருப்பார்கள். எழுதியவரின் திரை நொடிக்கு 60 முறை புதுப்பித்தது. இன்று நொடிக்கு 120 முறை புதுப்பிக்கும் போன்கள் சாதாரணம். அங்கே அதே படைப்பு இரட்டை வேகத்தில் ஓடும். பிழைச் செய்தி எதுவும் வராது என்பதால் யாரும் கவனிக்கவும் மாட்டார்கள். வேகத்தைக் கடிகாரத்தோடு கட்ட வேண்டும். பழைய படைப்பாக இருந்தால் கலைஞரிடம் சரியான வேகம் எது என்று கேட்டு, ஒரு பதிவும் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும்.

பிரவுசரில் அசைபடங்களை ஓட்டிய ஃபிளாஷ் என்ற மென்பொருளின் கதை எல்லோருக்கும் தெரியும். அடோபி 2020 டிசம்பர் 31-ஓடு கைவிட்டது. இன்றும் சில தளங்களில் 'இந்தப் பிளகின் தேவை' என்ற சாம்பல் பெட்டி படைப்பின் இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. ரஃபிள் என்ற இலவச எமுலேட்டர் (பழைய மென்பொருளைப் போலவே நடந்துகொள்ளும் நிரல்) நிறைய ஃபிளாஷ் படைப்புகளைப் பிளகின் இல்லாமலே ஓட்டுகிறது, எல்லாவற்றையும் இல்லை. ஓடாதவற்றுக்குத் திரைப்பதிவு வையுங்கள், அது திரைப்பதிவு என்றும் எழுதுங்கள்.

பழையதைச் சரிசெய்வதில் பின்பற்றத்தக்க முறை ஒன்றை குக்கென்ஹைம் அருங்காட்சியகம் காட்டியது. ஷு லீ சாங் 1998-இல் அவர்களுக்காக உருவாக்கிய 'பிராண்டன்' என்ற இணையப் படைப்பை 2016-17-இல் மீட்டார்கள். காலாவதியான ஜாவா பகுதிகளுக்குப் பதிலாகப் புதிய நிரலைச் சேர்த்தபோது, பழைய நிரலை அழிக்காமல் செயல்படாத வரிகளாக உள்ளேயே விட்டுவைத்தார்கள். பின்னால் வருகிறவர் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். எதை மாற்றினோம் என்று எழுதாமல் செய்யும் மீட்பைவிட ஓடாத மூலமே தேவலாம் என்பது என் கருத்து.

பார்க்கிறவர்கள்

1997 டிசம்பரில் ஜப்பானில் ஒரு கார்ட்டூன் தொடரில் சிவப்பும் நீலமும் வேகமாக மாறி மாறி மின்னிய காட்சியால் 600-க்கும் மேற்பட்டவர்கள் மருத்துவமனைக்குப் போக வேண்டியிருந்தது. இணைய அணுகல்தன்மை விதிகள், பாதுகாப்பு வரம்பைத் தாண்டிய மின்னல் நொடிக்கு மூன்று முறைக்கு மேல் வரக்கூடாது என்கின்றன. மின்னுவதே உயிராக இருக்கும் படைப்புகள் ஊடகக் கலையில் ஏராளம். அவற்றின் வேகத்தைக் குறைத்துத் திருத்துவது தீர்வாகாது. எச்சரிக்கை பொத்தானுக்கு முன்னால் வர வேண்டும், தானாக ஓடவே கூடாது. எச்சரிக்கையை ஒழுங்காக எழுதிவிட்டு, முகப்பில் அதே மின்னலை அசையும் சிறுபடமாக வைப்பவர்களும் இருக்கிறார்கள்!

சப்டைட்டிலைப் படத்தோடு சேர்த்துப் பதித்துவிடாமல் தனிக் கோப்பாக வையுங்கள், வேண்டாதவர் அணைத்துக்கொள்வார். பேச்சில்லாத ஒலிகளை எப்படி எழுதுவது என்பதைக் கலைஞரோடு பேசி முடிவு செய்யுங்கள். 'இசை' என்ற ஒற்றைச் சொல், ஒலியை வைத்தே செய்த படைப்புக்கு எதையும் சொல்லாது. பார்வையற்றவருக்காக என்ன நடக்கிறது என்று ஒரு பத்தி எழுதினால் பார்வையுள்ளவர்களுக்கும் பயன்படும்.

உரிமையும் காலமும்

நாடா கையில் இருப்பது இணையத்தில் காட்டும் உரிமை ஆகாது. வாங்கியபோது எழுதிய ஒப்பந்தம் காட்சிக்கூடத்தோடு நின்றிருக்கலாம். படைப்புக்குள் ஒரு பாட்டு வந்தால் அதன் உரிமை வேறொருவரிடம் இருக்கும். 1996-இல் தொடங்கிய உபுவெப் என்ற இணையக் காப்பகம் பெரும்பாலும் அனுமதி கேட்காமலே அரிய படைப்புகளை ஏற்றி வந்தது. அதனால் பலர் அவற்றைப் பார்த்தார்கள் என்பதும் உண்மைதான். ஆனால் ஒரு நிறுவனம் அந்த வழியில் போக முடியாது. அனுமதிக் கடிதத்தில் முழுசா துண்டா, எந்தத் தரத்தில், எத்தனை நாளுக்கு, மற்றவர்கள் தங்கள் பக்கத்தில் பதித்துக்கொள்ளலாமா என்ற நாலு கேள்விக்கும் விடை இருக்கட்டும்.

இணையத்துக்காகச் சுருக்கிய கோப்பையே காப்பகப் பிரதியாக வைத்துக்கொள்வது பின்னால் கையைக் கடிக்கும். இழப்பில்லாத மூலப் பிரதி தனியாக, ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் இருக்க வேண்டும். இணையக் கண்காட்சிக்கு முடிவுத் தேதி இருந்தால் தொடக்கத்திலேயே சொல்லுங்கள். முடிந்த பிறகும் அந்த முகவரியில் தலைப்பும் விவரமும் ஒரு நிலைப்படமும் நிற்கட்டும், ஏனென்றால் கட்டுரைகளில் மேற்கோள் காட்டியவர்கள் அந்த முகவரியைத்தான் கொடுத்திருப்பார்கள். நிரல் படைப்புகளுக்கு இன்னொரு வரி சேருங்கள்: கடைசியாக எந்தத் தேதியில், எந்தப் பிரவுசரில் ஓட்டிப் பார்த்தது என்று.